பத்து நிமிட சிஐ ஃபஸ்ஸிங்: நாலு மாதமாக கிராஷே இல்லை, கவரேஜ் 31 சதவீதத்தைத் தாண்டவில்லை. கோட் சுத்தமா, ஹார்னஸ் மோசமா?

கேட்டவர்: நூல்கண்டு32

படக் கோப்பு ஒன்றைப் பிரித்துப் படிக்கும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி. சி மொழி, சுமார் 14,000 வரி, பராமரிப்பவர்கள் இரண்டு பேர். கோப்பின் அமைப்பு: முதலில் 4 பைட் அடையாளம், பிறகு 36 பைட் ஹெடர், அதன் பின் வரிசையாக சங்க்குகள் (டேட்டாத் துண்டுகள்). ஒவ்வொரு சங்க்கிலும் நீளம், வகை, டிஃப்லேட் முறையில் சுருக்கிய டேட்டா, கடைசியில் சிஆர்சி-32 (டேட்டா பழுதாகவில்லை என்று சரிபார்க்கும் எண்).

சிஐ-யில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாக பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பு) இப்போது ஓடும் ஃபஸ்ஸிங் (இன்புட்டைத் தாறுமாறாக மாற்றிக் கொடுத்து கிராஷ் தேடும் சோதனை) இதுதான். கிளாங் கம்பைலர், லிப்ஃபஸ்ஸர் (ஃபஸ்ஸிங் இன்ஜின்), அட்ரஸ் சானிடைசர் (மெமரிப் பிழைகளை ஓடும்போதே பிடிக்கும் கருவி). ஹார்னஸ் (ஃபஸ்ஸர் தரும் பைட்களை லைப்ரரியிடம் கொடுக்கும் சிறு கோட்) ஒன்றே ஒன்று. வரும் பைட்களை டெம்ப் ஃபைலில் எழுதி, அந்த ஃபைல் பெயரை லைப்ரரியின் ஓப்பன் ஃபங்ஷனிடம் கொடுக்கிறது. சீட் கோப்புகள் (ஃபஸ்ஸர் மாற்றத் தொடங்கும் மாதிரிகள்) மூன்று, 200 கேபி முதல் 900 கேபி வரை. ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் 10 நிமிடம். வேகம் நொடிக்கு 90 ரன்.

முதல் வாரத்தில் 6 கிராஷ் வந்தது, சரிசெய்தாயிற்று. அதன் பிறகு ஒன்றுமில்லை. கவரேஜ் (கோடில் எத்தனை பங்கு ஓடியது என்ற) ரிப்போர்ட்டில் 31 சதவீதம். இரண்டு கேள்விகள்: (1) இது நல்ல செய்தியா, ஃபஸ்ஸர் உள்ளே போகவே இல்லையா? (2) ஓஎஸ்எஸ்-ஃபஸ்ஸில் (ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டுகளைத் தொடர்ந்து ஃபஸ்ஸ் செய்யும் கூகுள் சேவை) சேர்ப்பது இரண்டு பேர் சமாளிக்கக்கூடிய வேலையா?

---

பைட்பின்னல்

உள்ளே போகவே இல்லைங்க. நீங்க கொடுத்த எண்களே சொல்லுது.

90 × 600 நொடி = 54,000 ரன். உங்க பெரிய சீட் 900 கேபி. ஒரு பைட்டை மாத்தும்போது அது அந்த 40 பைட் அடையாளம்-ஹெடர் பகுதியில விழ வாய்ப்பு ஏறக்குறைய 22,500-ல ஒண்ணு. அதாவது அந்த சீட்டை மட்டும் வெச்சு பத்து நிமிஷம் முழுக்க ஓட்டினாலும் ஹெடரை ரெண்டோ மூணோ தடவைதான் தொட்டிருக்கும். மீதி மாற்றம் எல்லாம் சுருக்கின பிக்சல் டேட்டாவுல விழுந்து, சிஆர்சி தப்புன்னு அங்கேயே திரும்பியிருக்கும்.

முதல்ல டெம்ப் ஃபைலைத் தூக்குங்க. ஓப்பன், ரைட், குளோஸ், அன்லிங்க்னு ஒவ்வொரு ரன்னுக்கும் கெர்னலுக்குப் போய் வர்றதுதான் உங்க 90-க்குப் பெரிய காரணம். லைப்ரரியில மெமரியிலிருந்து படிக்கிற ஏபிஐ இருந்தா அதைக் கூப்பிடுங்க. ஃபைல் பாயின்டரை வாங்குற ஃபங்ஷன்தான் இருக்குன்னா எஃப்மெம்ஓப்பன் (மெமரியை ஃபைல் மாதிரி காட்டுறது) போதும். லைப்ரரி எச்சரிக்கை ஏதாச்சும் எஸ்டிடிஎர்ருல அச்சடிச்சா அதுவும் வேகத்தைத் தின்னும். ‘-குளோஸ்_எஃப்டி_மாஸ்க்=3’ கொடுத்து வாயை அடைச்சிடுங்க. இந்த மாதிரி பார்சருக்கு நொடிக்கு ஆயிரத்துக்குக் கீழே இருந்தா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம்.

அப்புறம் சீட். 1×1, 3×2 பிக்சல் படங்களா, வடிவத்தோட ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒண்ணு: பேலட், ஆல்ஃபா, இன்டர்லேஸ், 16 பிட், காலி சங்க், மெட்டாடேட்டா சங்க். 30, 40 கோப்பு, ஒவ்வொண்ணும் 1 கேபிக்குள்ள. பெரிய படத்தால ஒரு பிரயோஜனமும் இல்ல. லூப் இன்னும் பல தடவை சுத்தும், புது பிராஞ்ச் ஒண்ணும் திறக்காது. ‘-மேக்ஸ்_லென்’ கொடுக்கலேன்னா கார்பஸ்ல (சீட்டும், ஃபஸ்ஸர் சேர்த்துவெச்ச இன்புட்டும் இருக்கிற தொகுப்பு) இருக்கிற பெரிய ஃபைலைப் பார்த்து லிப்ஃபஸ்ஸரே வரம்பை வெச்சுக்கும். அதனால அந்த 900 கேபி ஃபைலைக் கார்பஸ்ல விட்டே வைக்காதீங்க.

நீங்க எழுதாத ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம்: பத்து நிமிஷம் முடிஞ்சதும் கார்பஸை எங்கேயாவது சேமிக்கிறீங்களா?

---

நூல்கண்டு32

இல்லை. சிஐ மெஷின் அழிந்ததும் கார்பஸும் போய்விடும். ஒவ்வொரு முறையும் அந்த மூன்று சீட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

---

பைட்பின்னல்

அப்போ அது தொடர் ஃபஸ்ஸிங் இல்ல. முதல் பத்து நிமிஷத்தையே நாலு மாசமா திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கீங்க. நேத்து கண்டுபிடிச்ச பாதையிலிருந்து இன்னைக்கு மேல போனாத்தான் ‘தொடர்’ங்கிற சொல்லுக்குப் பொருள்.

---

வேகத்தடை

ஏஎஃப்எல்++ என்ற வேறு ஃபஸ்ஸிங் இன்ஜினுக்கு மாறி 32 கோர் மெஷினில் ஒரு வாரம் விடுங்கள். பிரச்சினை தீர்ந்தது.

---

சங்கிலிவடம்

தீராது. சிஆர்சி சுவர் அப்படியே இருக்கும்போது 32 கோரும் சேர்ந்து அதே சுவரில்தான் மோதும்.

4 பைட் அடையாளம் போன்ற நிலையான எண்களை லிப்ஃபஸ்ஸரும் ஏஎஃப்எல்++ இன் சிஎம்ப்லாக் வசதியும் ஒப்பீட்டைக் கவனித்தே பிடித்துவிடும். டிக்‌ஷனரி ஃபைலில் சங்க் வகைப் பெயர்களை எழுதிக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம். சிஆர்சி அப்படியல்ல. டேட்டாவில் ஒரு பிட் மாறினாலும் எதிர்பார்க்கப்படும் மதிப்பே மாறிவிடுகிறது, தற்செயலாகப் பொருந்த 429 கோடியில் ஒரு வாய்ப்பு. வழிகள் மூன்று உண்டு. மூன்றையும் செய்யலாம்.

எளியது: சிஆர்சி ஒப்பீட்டை மட்டும் ‘ஃபஸ்ஸிங்_பில்ட்_மோட்_அன்சேஃப்_ஃபார்_ப்ரொடக்‌ஷன்’ மேக்ரோவுக்குள் வைத்து, ஃபஸ்ஸிங் பில்டில் எப்போதும் ‘சரி’ என்று சொல்ல வையுங்கள். ஓஎஸ்எஸ்-ஃபஸ்ஸும் ஏஎஃப்எல்++ உம் இந்த மேக்ரோவைத் தாமே வரையறுத்துவிடும். வெறும் கிளாங்கில் பில்ட் செய்யும்போது நீங்கள்தான் கொடுக்க வேண்டும், இதை மறப்பவர்கள் அதிகம். கணக்கிடும் ஃபங்ஷனை நீக்காதீர்கள், ஒப்பீட்டை மட்டும் தளர்த்துங்கள். இதனால் ஒரு பக்கவிளைவு வரும்: கிடைக்கும் கிராஷ் ஃபைல் சாதாரண பில்டில் கிராஷ் ஆகாது, ஏனென்றால் அதன் சிஆர்சி தவறு. அதைப் பார்த்து ‘இது உண்மையான பிழை இல்லை’ என்று மூடிவிடும் தவறு நடக்கும். சங்க்குகளை வரிசையாகப் படித்துச் சரியான சிஆர்சியை எழுதும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை ரெப்போவிலேயே வைத்திருங்கள்.

அடுத்தது, டிஃப்லேட். சீட் கோப்புகளைச் சுருக்க நிலை 0 வைத்து உருவாக்குங்கள். அப்போது டேட்டா சுருக்கப்படாத பிளாக்காக அப்படியே உட்காரும். ஃபஸ்ஸர் மாற்றும் பைட் நேரடியாக பிக்சல் கோடுக்குப் போய்ச் சேரும். சுருக்கிய டேட்டாவில் ஒரு பிட் மாறினால் அதற்குப் பின்னால் வரும் ஹஃப்மன் குறியீடுகள் அனைத்தும் பொருள் மாறிவிடும், பெரும்பாலும் இன்ஃப்ளேட் (சுருக்கம் நீக்கும்) பிழையோடு முடியும். நீங்கள் பயன்படுத்துவது ஸீலிப் (டிஃப்லேட்டைக் கையாளும் லைப்ரரி) உறையோடு கூடிய டேட்டா என்றால் கடைசியில் அட்லர்-32 என்ற இன்னொரு சரிபார்ப்பு எண் வேறு இருக்கிறது. ‘இன்ஃப்ளேட்வேலிடேட்’ மூலம் அந்தச் சோதனையை நிறுத்தலாம்.

கொஞ்சம் உழைப்பு கேட்பது: இன்ஃப்ளேட்டுக்குப் பிந்தைய ஃபங்ஷனுக்கென்று தனி ஹார்னஸ். அகலம், உயரம், பிட் ஆழம் ஆகியவற்றைப் பைட்களிலிருந்து எடுத்து, மீதியைச் சுருக்கம் நீக்கிய டேட்டா என்று கொடுத்துவிடுங்கள். ஹார்னஸை சி++ இல் எழுதி ‘ஃபஸ்ட்டேட்டாப்ரொவைடர்’ பயன்படுத்தினால் ஒன்றைக் கவனியுங்கள்: அது முழு எண்களை பஃபரின் கடைசியிலிருந்து எடுக்கும். சீட்டின் வாலில் அத்தனை பைட்டைச் சேர்க்காவிட்டால் சீட்டின் கடைசிப் பகுதி தின்னப்படும்.

அந்த 31 சதவீதத்தைப் பற்றி: சதவீதத்தை விடுங்கள். அதில் என்கோடர் (பிக்சலைக் கோப்பாக எழுதும் பகுதி), கமாண்ட் லைன் கருவி எல்லாம் வகுத்தியில் சேர்ந்திருக்கலாம். எல்எல்விஎம்-கவ் காட்டும் வரி வாரியான ரிப்போர்ட்டைத் திறந்து, லட்சக்கணக்கில் ஓடிய வரிக்கு அடுத்த வரி 0 என்று இருக்கும் இடத்தைத் தேடுங்கள். ஃபஸ்ஸர் முட்டி நிற்கும் இடம் அதுதான். உங்கள் கோடில் முதல் பள்ளம் சிஆர்சி ஒப்பீட்டுக்குக் கீழே இருக்கும் என்பது என் ஊகம்.

---

வேகத்தடை

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுவரை உடைத்த பிறகு இரண்டு இன்ஜினும் ஓட்டுவது வீண் இல்லை. அதே ஹார்னஸ் இரண்டிலும் ஓடும், கார்பஸையும் பரிமாறிக்கொள்ளலாம்.

---

காவல்கோபுரம்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

ஓஎஸ்எஸ்-ஃபஸ் 2016 டிசம்பரில் கூகுள் தொடங்கியது. 2014-இல் வெளிவந்த ஹார்ட்ப்ளீட் (ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை) மாதிரி பிழைகள்தான் தூண்டுதல். அந்தப் பிழை பஃபருக்கு வெளியே படித்ததே தவிர கிராஷ் ஆகாது. சானிடைசர் இல்லாமல் ஓட்டினால் அப்படிப்பட்டவை கண்ணுக்கே தெரியாது, நினைவில் வையுங்கள். சேர்வதற்கான நிபந்தனை, புராஜெக்டுக்குக் கணிசமான பயனர்கள் இருக்க வேண்டும் அல்லது அது முக்கியமான கட்டமைப்பில் இருக்க வேண்டும். உங்களைச் சார்ந்திருக்கும் பெரிய மென்பொருள்களின் பெயர்களைப் புல் ரிக்வெஸ்டில் எழுதுங்கள்.

வேலை என்று பார்த்தால் மூன்று ஃபைல்: டாக்கர்ஃபைல், பில்ட் ஸ்கிரிப்ட், புராஜெக்ட் விவரம் எழுதும் யாம்ல். பில்ட் ஸ்கிரிப்டில்தான் எல்லோரும் இடறுவார்கள்.

கம்பைலர், சி கொடிகள், ஃபஸ்ஸிங் இன்ஜின் எல்லாம் என்விரான்மென்ட் வேரியபிளாக வரும். அவற்றை உங்கள் மேக்ஃபைல் மேலெழுதினால் சானிடைசர் இல்லாத பைனரி உருவாகும். பில்ட் வெற்றி என்றே காட்டும், ஆனால் கவரேஜ் தகவல் இல்லாமல் ஃபஸ்ஸர் குருடாக ஓடும். லிப்ஃபஸ்ஸரை நேரடியாக இணைக்காமல், தரப்படும் இன்ஜின் வேரியபிளை சி++ லிங்கரோடு கொடுக்க வேண்டும், ஹார்னஸ் சி-யில் இருந்தாலும் சரி. ஃபஸ்ஸர் ஓடும் இமேஜ் வேறு, பில்ட் இமேஜ் வேறு. அதனால் ஷேர்டு லைப்ரரியை நம்பினால் ஓடும்போது கிடைக்காது. ஸ்டாட்டிக்காக இணைத்துவிடுங்கள். சீட்களை ஃபஸ்ஸர் பெயரோடு ‘_சீட்_கார்பஸ்’ ஒட்டிய ஜிப்பாக அவுட் டைரக்டரியில் போட்டால் தானாக எடுத்துக்கொள்ளும். டிக்‌ஷனரியும் அப்படியே.

அனுப்பும் முன் ஹெல்ப்பர் ஸ்கிரிப்டில் பில்ட்_இமேஜ், பில்ட்_ஃபஸ்ஸர்ஸ், செக்_பில்ட், ரன்_ஃபஸ்ஸர் வரிசையாக ஓட்டிப் பாருங்கள். செக்_பில்ட்டைத் தாண்டாததை அனுப்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். முதலில் அட்ரஸ், அண்டிஃபைண்ட் பிஹேவியர் இரண்டு சானிடைசர் போதும். மெமரி சானிடைசருக்கு நீங்கள் சார்ந்திருக்கும் ஸீலிப் உட்பட எல்லாவற்றையும் அதே கருவியோடு கம்பைல் செய்ய வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பொய் எச்சரிக்கை கொட்டும்.

இனி உண்மையான சுமை. பிழை பதிவானதும் கடிகாரம் ஓடத் தொடங்கும்: 90 நாளில் பொதுவில் திறக்கப்படும், சரிசெய்துவிட்டால் அதற்குப் பிறகு 30 நாளில், எது முதலில் வருகிறதோ அது. சரிசெய்ததை நீங்கள் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. புது பில்டில் அதே ஃபைலை ஓட்டிப் பார்த்து அதுவே மூடும். முதல் இரண்டு வாரத்தில் குவியும், பிறகு மாதத்துக்கு ஒன்றிரண்டு என்று அடங்கும். இரண்டு பேர் தாங்கலாம். சேர்க்கும் முன்பு, மேலே சொன்ன ஹார்னஸை உங்கள் மெஷினில் இரண்டு மூன்று நாள் ஓட்டி, மேலோட்டமான பிழைகளைக் கழித்துவிட்டு அனுப்புங்கள்.

ஏற்கவில்லை என்றால் உங்கள் சிஐ-யிலேயே ஃபஸ்ஸிங் ஓட்டும் கிளஸ்டர்ஃபஸ்லைட் இருக்கிறது. அதே மூன்று ஃபைல், உங்கள் ரெப்போவிலேயே. புல் ரிக்வெஸ்டுக்கு 600 நொடி ஓடும் முறை பழைய பில்டிலும் இருக்கும் கிராஷை ஒதுக்கிவிட்டு, அந்த மாற்றத்தால் வந்ததை மட்டும் சொல்லும். அதைத் தவிர பேட்ச் முறை (நீண்ட நேரம் ஓட்டிப் பிழை தேடுவது; திருத்தம் என்ற பேட்ச் அல்ல), கார்பஸைக் கழிக்கும் ப்ரூன் முறை இரண்டையும் நேர அட்டவணையில் போடுங்கள். பேட்ச் 6 மணிக்கு ஒருமுறை ஒரு மணிநேரம், ப்ரூன் நாளுக்கு ஒருமுறை. கார்பஸுக்கென்று தனி ரெப்போ கொடுத்தால் பைட்பின்னல் சொன்ன ஓட்டை அடைபடும்.

ஒரு எச்சரிக்கை. பொது ரெப்போவில் பேட்ச் முறை ஓடினால், கிராஷ் ஃபைல் சிஐ ஆர்டிஃபேக்டாக எல்லோர் கைக்கும் போகும். அது வெளியிட்ட வெர்ஷனில் உள்ள ஓட்டையாக இருக்கலாம். பேட்ச் ஓட்டத்தை மட்டும் வெளியார் பார்க்க முடியாத பிரைவேட் ரெப்போவில் வையுங்கள்.

---

நூல்கண்டு32

மிக்க நன்றி. டெம்ப் ஃபைலை நீக்கி, 1 கேபிக்குள் 34 சீட் வைத்து, சிஆர்சியைத் தளர்த்தினேன். நொடிக்கு 3,400. இரண்டே நிமிடத்தில் அவுட் ஆஃப் மெமரி. ஹெடரில் பெரிய அகலமும் உயரமும் வந்தால் மாலாக் (மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) வழியாக ஜிபி கணக்கில் கேட்கிறது. ஹார்னஸில் ‘அகலம் 4096-க்கு மேல் இருந்தால் ரிட்டர்ன்’ என்று போட்டுவிட்டு மேலே போகலாமா?

---

சங்கிலிவடம்

வேண்டாம். அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய பிழையைத்தான் மறைக்கப் போகிறீர்கள்.

அகலம் 65,536, உயரம் 16,384, பிக்சலுக்கு 4 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் சரியாக 2-இன் 32-ஆம் அடுக்கு. கணக்கு 32 பிட் அன்சைன்டில் நடந்தால் விடை 0. மாலாக் 0 பைட் ஒதுக்கும், வெற்றி என்றும் சொல்லும், முதல் வரி எழுதும்போதே ஹீப் நாசம். இதில் ஒரு சூட்சுமம்: அன்சைன்ட் எண் சுற்றிக்கொள்வது சி மொழியில் பிழை அல்ல. அதனால் அண்டிஃபைண்ட் பிஹேவியர் சானிடைசர் வழக்கமான கொடிகளில் வாயே திறக்காது, ‘அன்சைன்ட்-இன்டிஜர்-ஓவர்ஃப்ளோ’வைத் தனியாகக் கேட்க வேண்டும். ஹார்னஸில் 4096 என்று தடுத்தால் இந்தப் பாதைக்கு ஃபஸ்ஸர் ஒருபோதும் போகாது, உங்கள் பயனர் கொடுக்கும் கோப்பு போகும்.

வரம்பு லைப்ரரிக்குள் இருக்க வேண்டும். பெருக்கலை ‘பில்ட்இன்_மல்_ஓவர்ஃப்ளோ’ கொண்டு சைஸ்_டி-யில் செய்யுங்கள். அதிகபட்ச பிக்சல் எண்ணிக்கையை அழைப்பவர் அமைக்கும்படி ஒரு ஏபிஐ கொடுங்கள், இயல்பு மதிப்பும் வையுங்கள். பிறகு ஹார்னஸ் அந்த ஏபிஐ வழியாகச் சின்ன வரம்பை வைத்துக்கொள்ளலாம். அது நேர்மையானது, ஏனென்றால் சோதிக்கப்படும் கோடும் பயனர் ஓட்டும் கோடும் ஒன்று. லிப்ஃபஸ்ஸரின் மெமரி வரம்பு இயல்பாக 2048 எம்பி. அதை ஏற்றி எச்சரிக்கையை அடக்காதீர்கள்.

---

பைட்பின்னல்

இதோட சேர்த்து: ஹார்னஸ் ஒவ்வொரு ரன்னுக்கும் பிறகு பழைய நிலைக்கு வரணும். குளோபல் வேரியபிள், கேஷ், ராண்டம், நேரம் எதையாவது லைப்ரரி வெச்சிருந்தா ஒரே இன்புட் ரெண்டு தடவை ரெண்டு பாதையில போகும். கிராஷ் வரும், அந்த ஃபைலைத் தனியா ஓட்டினா வராது. அப்படி ஒண்ணு மாட்டினா முதல்ல குளோபலைத் தேடுங்க. பிழை வந்தா எக்ஸிட் கூப்பிடற கோடும் இருக்கக் கூடாது, லிப்ஃபஸ்ஸர் அதையே கிராஷா எழுதும்.

மெமரிப் பிழையோட நிக்காதீங்க. உங்க லைப்ரரியில என்கோடர் இருந்தா இதையும் செய்ங்க. டிகோட் பண்ணதை என்கோட் பண்ணி, மறுபடி டிகோட் பண்ணி, பிக்சல் ஒத்துப்போகலேன்னா அபார்ட். 20 வரி ஹார்னஸ்தான். தவறான படத்தை அமைதியா வெளியே தர்ற பிழைகளை எந்த சானிடைசரும் சொல்லாது, இது சொல்லும். என்கோடரும் கவரேஜுக்குள்ள வந்துடும்.

---

காவல்கோபுரம்

கிராஷ் ஃபைல்களைச் சரிசெய்ததும் தூக்கி எறியாதீர்கள். ‘-மினிமைஸ்_கிராஷ்=1’ ஓட்டிச் சுருக்கி, சாதாரண டெஸ்ட் டைரக்டரியில் போடுங்கள். ஹார்னஸை ஒரு சின்ன மெயின் ஃபங்ஷனோடு இணைத்தால் கிளாங் இல்லாத இடத்திலும் அந்த ஃபைல்களை யூனிட் டெஸ்டாக ஓட்டலாம்.

ஓஎஸ்எஸ்-ஃபஸ்ஸில் பச்சை விளக்கு எரிகிறது என்பதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். லிப்வெப்பி என்ற பட லைப்ரரி பல ஆண்டுகள் அங்கே ஓடியது. இருந்தும் 2023 செப்டம்பரில் வெளிவந்த சிவிஇ-2023-4863 என்ற பாதுகாப்பு ஓட்டை சிக்கவில்லை. ஹஃப்மன் அட்டவணைக்கான பஃபர், முன்கூட்டியே கணக்கிட்ட அதிகபட்ச அளவில் ஒதுக்கப்பட்டிருந்தது. கோட் நீளங்களை மிகத் துல்லியமாக அடுக்கினால்தான் அந்த அளவைத் தாண்டும். அந்த வரிகளெல்லாம் கவரேஜில் பச்சைதான், ஆனால் தேவையான மதிப்புகளின் சேர்க்கை தற்செயலாக அமையவில்லை. உங்கள் கோடிலும் ‘இது போதுமான அளவு’ என்று நம்பி ஒதுக்கிய பஃபர் எங்கே இருக்கிறது என்று பட்டியல் போட்டு, அந்த ஃபங்ஷன் ஒவ்வொன்றுக்கும் தனி ஹார்னஸ் எழுதுங்கள். முழுக் கோப்பையும் கொடுக்கும் ஹார்னஸ் அங்கே போய்ச் சேர்வதற்குள் களைத்துவிடும்.

---

வேகத்தடை

ஃபஸ்ஸிங் அமைப்பின் ஃபைல்களையும் ரிவ்யூவில் சேருங்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியில் ஒளித்துவைத்த பின்கதவு வெளியானபோது திரும்பிப் பார்த்தார்கள்: அதற்கு முந்தைய ஜூலையிலேயே ஓஎஸ்எஸ்-ஃபஸ் பில்டில் ஐஃபங்க்கை (எந்த ஃபங்ஷன் என்று ஓடும்போது தேர்ந்தெடுக்கும் வசதி; பின்கதவு பயன்படுத்தியது இதைத்தான்) அணைக்கும் மாற்றம் ஒன்று போயிருந்தது. பார்க்கச் சாதாரண பில்ட் திருத்தம். ‘பொருந்தவில்லை, அணைத்துவிட்டேன்’ என்று வரும் கமிட்டுக்குக் காரணம் கேளுங்கள்.

---

நூல்கண்டு32

பெருக்கலைச் சரிசெய்துவிட்டேன். நீங்கள் சொன்ன அதே 32 பிட் சுற்று இருந்தது. 11 மணிநேர ஓட்டத்தில் மேலும் 9 கிராஷ், எல்லாமே இரண்டு ஃபங்ஷனில். தனித்தனிப் பிழையா, ஒன்றேவா என்று எப்படிப் பிரிப்பது?

---

சங்கிலிவடம்

ஸ்டாக் ட்ரேஸில் உங்கள் லைப்ரரியைச் சேர்ந்த மேல் மூன்று ஃப்ரேமை எடுத்து ஒப்பிடுங்கள், ஓஎஸ்எஸ்-ஃபஸ்ஸுக்குப் பின்னால் ஓடும் கிளஸ்டர்ஃபஸ்ஸும் ஏறக்குறைய அப்படித்தான் பிரிக்கிறது. மெம்காபி, மாலாக் ஃப்ரேம்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பிறகு சானிடைசர் ரிப்போர்ட்டில் ரைட் (எழுதும்போது வந்த பிழை) என்று இருப்பதை முதலில் எடுங்கள், ரீட் (படிக்கும்போது வந்தது) அடுத்து, 0-க்கு அருகே உள்ள முகவரியில் நல் பாயின்டர் கடைசி. ஒன்றைச் சரிசெய்ததும் மீதி எட்டு ஃபைலையும் மறுபடி ஓட்டுங்கள். இரண்டு மூன்று தானாகவே மறைந்துவிடும். மறைந்தவற்றையும் டெஸ்ட் டைரக்டரியில் போட்டுவிடுங்கள்.